மேஜையின் அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் யோசிக்காமல் சொல்வேன். கை சுத்தம். நேரம் தவறமாட்டார். தேர்தல் சட்டம் தலைகீழ்ப் பாடம். வீட்டில் குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஐந்தாவதாக ஒன்று கேட்டால்தான் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் அந்த ஐந்தாவதைச் சொல்லாவிட்டால் இந்த மனிதரைப் பற்றி ஒன்றுமே சொன்னதாக ஆகாது. அவருக்குப் பொறாமை. ஊர் உலகத்தின் மேல் இல்லை, ஒரே ஒரு ஆள் மேல்.

அந்த ஆளை வீட்டில் 'துரை' என்றுதான் சொல்வார். "இன்னைக்கு துரை பேப்பர்ல வந்திருக்கார், பாத்தியா?" என்பார். துரை வேறு யாருமில்லை, இவருடைய சிநேகிதர். ஒரே வருஷம் பரீட்சை எழுதி, ஒரே நாளில் தேர்தல் துறையில் சேர்ந்து, பயிற்சிக் காலம் முழுக்க ஒரே அறையில் தங்கி, ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தவர்கள். துரை இவரை 'ரூல்ஸ்' என்று கூப்பிடுவார். அவர் ஆரம்பித்து வைத்தது ஆபீஸ் முழுக்கப் பரவி, கடைசியில் டீ கொண்டுவருகிறவர்கூட "ரூல்ஸ் சாருக்குச் சர்க்கரை கம்மி" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. பட்டப்பெயரில்கூட அவருக்கு நல்லதும் தனக்கு வறண்டதும் அமைந்துவிட்டது என்று இவருக்கு ஒரு மனக்குறை. துரை என்று பெயர் வைத்ததே நீங்கள்தானே என்று ஞாபகப்படுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார்.

தேர்தல் அதிகாரிக்கு என்ன வேலை என்று கல்யாணம் ஆகும்வரை எனக்குத் தெரியாது. ஓட்டுப் போடுவது ஒரு நாள், மற்ற நாளெல்லாம் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. செத்துப்போனவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். வீடு மாறிப் போனவர்களைத் தேட வேண்டும். ஒரே ஆள் இரண்டு தெருவில் இருந்தால் எந்தத் தெருவில் நிஜமாகக் குடியிருக்கிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, எந்த அறையில் வாக்குச்சாவடி வைக்கலாம், ஓட்டுப் போடுகிறவரின் நிழல் மறைப்புத் துணியில் விழுந்து அவரைக் காட்டிக்கொடுக்குமா என்றெல்லாம் சோதிக்க வேண்டும். மேஜை ஆடுகிறதா என்று தொட்டு ஆட்டிப் பார்ப்பது இவருக்கு அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம். ஓட்டலுக்குப் போனாலும் உட்காரும் முன் மேஜையை ஒருதடவை ஆட்டிவிட்டுத்தான் உட்காருவார். அழியாத மை வைக்கும் சீசா கசிந்து கசிந்து, இவருடைய சட்டைப் பையில் கறை இல்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. நான் தையல் மிஷின் போட்டிருக்கிறவள். கறைபட்ட பையைப் பிரித்து வேறு பை தைத்துத் தருவேன். அடுத்த தேர்தலுக்குள் அதுவும் போய்விடும்.

தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை இவர் ராஜா. அமைச்சர் வந்தாலும் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லலாம். சுவரில் ஒட்டியதைக் கிழிக்கச் சொல்லலாம். முடிவு வந்த மறுநாள் காலையில், சத்தம் மட்டும் போட்டுக் காற்று வராத ஃபேனுக்கு அடியில், பழைய பட்டியலும் இவரும். அதே அமைச்சரின் உதவியாளர் தொலைபேசியில் இவரை இழுத்தடிப்பார். இதையெல்லாம் இவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது, துரையின் மேஜையில் மட்டும் எல்லா நாளும் தேர்தல் நாளாக இருந்ததுதான்.

ஒரு சம்பவம் சொன்னால் போதும். வேலையில் சேர்ந்த புதிதில், ஓட்டு நாளன்று ஆற்றில் வெள்ளம். நடு ஆற்றுத் திட்டில் சில குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. அவர்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது இவர். படகுக்காரரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தது இவர். ஓட்டுப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நீச்சல் தெரியாமல், போய்விட்டுத் திரும்பியதும் இவர். கரையில் துரை நின்றிருந்தார். "குடுடா" என்று கை நீட்டிப் பெட்டியை வாங்கித் தோளில் வைத்தார். நல்ல மனசோடுதான். அந்த நொடியில் பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டார். மறுநாள் முதல் பக்கத்தில், பின்னால் வெள்ளம், தோளில் பெட்டி, காற்றில் பறக்கும் தலைமுடியோடு துரை. படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது என் வீட்டுக்காரருடையது.

பத்திரிகைக்குப் போன் பண்ணி, பெட்டியைக் கொண்டுவந்தது நான் இல்லை, அவன்தான் என்று துரை சொன்னார். அவர்கள் மறுநாள் உள்பக்கத்தில் ஒரு மூலையில் இரண்டு வரி போட்டார்கள். "பாரு, அடக்கமானவன்னு அதுக்கும் அவனுக்குத்தான் பேர்" என்று இவர் அந்தப் பேப்பரை மடித்து வைத்தார்.

இப்படியே போனது. துரைக்குப் பேச்சு வரும். கூட்டத்தைப் பார்த்தால் குரல் தானாக நிமிரும். இவர் கூட்டத்தைப் பார்த்தால் கோப்புக்குள் தலையைக் குனிந்துகொள்வார். வேலை இவர் செய்வார், அதைப் பற்றிப் பேசுவது துரை. பேசுகிறவர் மேலே போனார். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி ஆனார். இவர் அவருக்குத் துணை அதிகாரி. முதல் நாள் இவர் போய் "வணக்கம் சார்" என்றாராம். துரை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "டேய், சார்னு கூப்பிட்டா உதைப்பேன்" என்றாராம். இவர் விடாமல் சார் என்றே கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து அந்த 'சார்' எப்படிச் சொன்னேன் என்று எனக்குச் சொல்லிக் காட்டினார். கல்லைக் கடித்த மாதிரி இருந்தது.

துரை கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவரோடு சேர்ந்து நானும் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். அந்த மனுஷனிடம் திட்ட ஒன்றுமே கிடைக்காது. இவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். இவருடைய வேலையைப் பற்றி மேலிடத்துக்கு எழுதும்போது, படித்தால் இவருக்கே கூச்சம் வரும்படி எழுதுவார். என்னை 'தங்கச்சி' என்பார், வாய் நிறைய. என் மகள் அவரைப் பெரியப்பா என்பாள். என்ன படிக்கலாம் என்று அவள் குழம்பியபோது, "நீ வாதம் பண்றதப் பாத்தா சட்டம் படிக்கலாமே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவளும் சட்டத்தில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துப் படுக்கிறவர் இவர். இவர் அவளை இன்ஜினியரிங் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏன் எனக்குத் தோணல?" என்று பல தடவை கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, சுவரிடம் கேட்டார்.

பொய் சொல்வானேன், எனக்கும் வயிறு எரியும். துரையின் சம்சாரம், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எதை உடுத்தினாலும் எடுப்பாக இருக்கும். நான் தைத்துக் கொடுத்ததையே போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அதையே நான் போட்டால் தலையணை உறை மாதிரி இருக்கும். ஆனால் என் எரிச்சல் மிஷினை நாலு மிதி மிதித்தால் அடங்கிவிடும். இவருடையது அடங்கவே அடங்காது. துரை எந்த நிறத்தில் கார் வாங்கினாரோ அந்த நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட வீட்டுக்குள் வரக்கூடாது. துரையின் தலைமுடி இன்னும் கொட்டவில்லை என்பதைத் துறை சார்ந்த அநியாயம் போலப் பேசுவார். "ஒரு வேளை சாயம் அடிக்கிறாரோ என்னவோ" என்று ஆறுதலுக்காகச் சொல்வேன். "கிட்டப் போய்ப் பாத்துட்டேன், சாயம் இல்ல" என்பார். போய்ப் பார்த்திருக்கிறார், பாருங்கள்.

அப்புறம் துரை வேலையை விட்டார். ஒரு கட்சியில் சேர்ந்து, தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று அறிவித்தார். அவர் காலி செய்த நாற்காலியில் இவரை உட்கார வைத்தார்கள். ஆனால் பெயர்ப்பலகையில் 'தலைமைத் தேர்தல் அதிகாரி' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போட்டார்கள். நிரந்தரம் இல்லை, வேறு ஆள் வரும்வரை பார்த்துக்கொள் என்று அர்த்தம். அந்தப் பலகையைத் துடைக்கக்கூட இவர் யாரையும் விட்டதில்லை. அதோடு தலைநகர்த் தொகுதிக்குத் தேர்தல் நடத்தும் அதிகாரியும் இவரே. துரை நின்றதும் அதே தொகுதியில்தான்.

அந்தத் தொகுதியில் யாரைக் கேட்டாலும் துரைதான் ஜெயிப்பார் என்றார்கள். காய்கறிக்காரர் சொன்னார். என்னிடம் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். ஜெயித்தால் நிச்சயம் அமைச்சர் என்றார்கள். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நாளைக்கு அவன் அமைச்சரா வந்து எனக்கு முன்னால உக்காருவான். நான் கோப்பைத் தூக்கிட்டு நிக்கணும்" என்றார். "உக்காரச் சொல்லுவாருங்க" என்றேன். "அதான். அவன் உக்காரச் சொல்லி நான் உக்காரணும்" என்றார்.

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். அலுவலகத்துக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவில் ஒரு மதில்தான். காலையிலிருந்து மேளச் சத்தமும் கோஷமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. தேர்தல் வேலை நாட்களில் இவர் மதியம் வீட்டுக்கு வரமாட்டார். அன்றைக்கு வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்றார். வாய்க்குள் ஏதோ பாட்டு முனகினார். எனக்குத் திக்கென்றது. இவருக்குப் பாட்டு வராது.

"என்ன, இன்னைக்கு ஒரே குஷியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. துரை வந்தாரு. மனு கொடுத்தாரு. போயிட்டாரு."

"அதுல என்ன குஷி?"

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "உறுதிமொழி எடுக்கல."

இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் மனுவைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதிகாரிக்கு முன்னால் எழுந்து நின்று, நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்ற உறுதிமொழியை வாய்விட்டு வாசித்து, கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் மூன்று மணிக்குள் அது முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் பரிசீலனையில் மனு தள்ளுபடி. அந்த உறுதிமொழி கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரு அட்டையில் அச்சடித்து இவர் மேஜையில் இருக்கும். மனுவை வாங்கியதும் அட்டையை எடுத்து நீட்டுவது அதிகாரியின் வழக்கம். வழக்கம்தான், சட்டம் இல்லை.

"எப்படிங்க மறந்தாரு? அவரே எத்தனை பேருக்கு எடுத்து வச்சவரு."

"அதனாலதான். இத்தனை வருஷமா மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்து காதால கேட்டவன். அந்தப் பக்கம் நின்னு வாயால சொன்னதே இல்ல. எல்லாப் பேப்பரையும் குடுத்தான். சுத்திலும் கேமரா. 'முடிஞ்சுதாடா ரூல்ஸ்?'னு கேட்டான். 'மனு வாங்கியாச்சு'ன்னு சொன்னேன். கை குடுத்துட்டுப் போயிட்டான்."

"அட்டை?"

"மேஜை மேலதான் இருந்துச்சு."

"மேஜை மேல எங்க?"

தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவன் மனுவுக்கு அடியில" என்றார். "நான் பொய் சொல்லல. மனு வாங்கியாச்சுன்னு சொன்னேன். வாங்கினேன்தானே?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது. "போன் பண்ணுங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துருவாரு" என்றேன்.

"அதிகாரி வேட்பாளருக்குப் போன் பண்ணக் கூடாது. ஒருதலைப்பட்சம் ஆயிடும்."

"நேத்து அந்த சுயேச்சை, செருப்புக் கடைக்காரர், மறந்துட்டுப் படி இறங்கினப்ப ஆளை அனுப்பிக் கூப்பிட்டு வந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க? அது என்ன பட்சம்?"

தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "அவருக்குத் தெரியாது, சொன்னேன். இவனுக்குத் தெரியும். தெரிஞ்சவனுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

"புது அதிகாரிங்களுக்கு வகுப்பு எடுக்கறப்ப என்ன சொல்லுவீங்க? வீட்ல சொல்லிப் பாத்தது எனக்கே மனப்பாடம். 'நாம நடத்துறது தேர்தல், பரீட்சை இல்ல. மறந்தவனுக்கு ஞாபகப்படுத்தறது நம்ம வேலை'ன்னு சொல்லுவீங்கல்ல?"

"அந்த வாக்கியமும் அவனோடதுதான்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "பயிற்சியில அவன் சொன்னது. நல்லா இருக்கேன்னு எடுத்துக்கிட்டேன்."

எழுந்து கை கழுவினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார். செருப்பைப் போட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. போய் ஆளை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கூட வாழ்கிறவளுக்கு அந்த நம்பிக்கைகூட இல்லாமல் எப்படி.

அவர் போனதும் மனசு கேட்கவில்லை. நான் அண்ணிக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே ஆரவாரம். "அண்ணி, அண்ணனை ஒரு எட்டு மறுபடியும் ஆபீஸுக்குப் போய்ட்டு வரச் சொல்லுங்க. மூணு மணிக்குள்ள. ஏதோ பாக்கி இருக்கு போல" என்றேன். இதைவிடத் தெளிவாகச் சொன்னால் என் புருஷனைக் காட்டிக்கொடுத்ததாகும். அண்ணி சிரித்தார். "என்ன பாக்கி இருக்கப் போகுதும்மா? அப்படி ஏதாவது இருந்தா உன் வீட்டுக்காரர் விட்டிருப்பாரா? அவரே கூப்பிட்டிருப்பாரு. 'ரூல்ஸ் இருக்கறப்ப எனக்கென்ன கவலை'ன்னு சொல்லிட்டுத்தான் வந்தாரு உங்கண்ணன்" என்றார். "இல்ல அண்ணி, எதுக்கும்..." என்று நான் இழுப்பதற்குள், கார் கிளம்புகிறது, சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் இவர் வந்தபோது, ஆளை அனுப்பவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பாட்டு இல்லை. குஷியும் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். "இப்பவாவது சந்தோஷமா?" என்று கேட்டேன். எனக்கும் மூக்கின் மேல் கோபம் வரும். நேராகப் போய்க் குளித்தார்.

மறுநாள் பரிசீலனை. அதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நானும் மகளும் பார்த்தோம். இவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு மனுவாக எடுத்துச் சொன்னார். ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது என்று வந்தது. துரையின் மனுவை எடுத்ததும் ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உறுதிமொழி எடுத்துக்கொள்ளப்படாத காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது" என்றார். குரலில் ஒரு பிசிறில்லை. துரை நின்ற இடத்தில் அப்படியே நின்றார். முதலில் சிரிக்கப் போனார், வேடிக்கை என்று நினைத்திருப்பார். அப்புறம் அவர் வாய் லேசாக அசைந்தது. உறுதிமொழியின் முதல் வரியைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

வெளியே ரகளை. கட்சிக்காரர்கள் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். ஆளுங்கட்சிக்கு விலைபோன அதிகாரி என்று கத்தினார்கள். பொறாமையில் செய்த வேலை என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். நான் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் துரை ஒரு நாற்காலி மேல் ஏறி, கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். எப்போதும் போல அவர் கையைத் தூக்கியதும் அடங்கியது.

"அவர் மேல ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது" என்றார். "அவரை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். அட்டையை எடுத்துக் குடுக்காம, வாயால சொல்லாம, யாரையும் வெளிய அனுப்பற ஆள் இல்ல அவரு. எனக்கும் கண்டிப்பாச் சொல்லியிருப்பாரு. நான்தான் கேமராவைப் பாத்துச் சிரிச்சுட்டு நின்னேன், காதுல வாங்கல. தப்பு என்னோடது. நானே இந்த வேலையைப் பாத்தவன், எனக்கே இது தேவைதான்."

கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு கை தட்டியது. தேர்தலில் நிற்கவே முடியாமல் போனவருக்கு, அவர் ஜெயித்திருந்தால் தட்டியிருப்பதைவிடப் பலமாகத் தட்டினார்கள். "அப்பாவை எப்படி விட்டுக்கொடுக்காமப் பேசறாரு பாரும்மா" என்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் துரை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தனியாக. இவர் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றியிருந்தார். கதவைத் திறந்தது மகள். "வாங்க பெரியப்பா" என்று அவள் குரல் கேட்டதும் இவர் கழற்றிய சட்டையை அவசரமாகத் திரும்ப மாட்டினார். பொத்தான் ஒன்று மாறிப் போனது.

துரை சோபாவில் உட்கார்ந்தார். ஒரே நாளில் முகம் வாடியிருந்தது. "தங்கச்சி, ஒரு டீ போடும்மா. காலையிலருந்து ஒண்ணும் குடிக்கல" என்றார். இவரைப் பார்த்து, "ஏண்டா நிக்கற, உக்காரு" என்றார். இவர் தன் வீட்டில் தன் நாற்காலியில், அவர் சொல்லி உட்கார்ந்தார்.

"மனசுல வச்சுக்காதடா" என்றார் துரை. "பசங்க கண்டதைக் கத்திட்டாங்க. நீ பாவம், என்ன பண்ணுவ? என் மனுவைத் தள்ளுபடி பண்றப்ப உனக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா? கண்ணாடியைத் துடைச்சியே, அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

இவர் வாயைத் திறந்தார். "இல்லடா, நான்..." என்றார்.

"அப்பா எப்பவும் சொல்லுவாரு பெரியப்பா" என்றாள் மகள். "வீட்லகூட ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை சொல்லுவாரு."

துரை சிரித்தார். இவர் எழுந்து டீ வாங்க வருகிற சாக்கில் அடுப்படிக்கு வந்தார். நான் கோப்பையை அவர் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். "சொல்லிடுங்க" என்றேன், மெதுவாக. "இன்னைக்கு விட்டா எப்பவும் முடியாது. அந்த ஆளு போய்ப் படுத்தா, தன்னைத்தானே திட்டிக்கிட்டுப் படுப்பாரு. பொண்ணுக்கும் தெரிய வேண்டாம். அவர்கிட்ட மட்டும் சொல்லுங்க." இவர் தலையாட்டினார். நிஜமாகவே சொல்லப்போகிறார் என்று அந்த முகத்தில் தெரிந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தை எனக்குப் பிடித்தது.

டீ குடித்துவிட்டு துரை கிளம்பினார். "கார் வரைக்கும் வரேன்" என்று இவரும் இறங்கினார். நான் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருவரும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். இவர் ஏதோ ஆரம்பித்தது போலிருந்தது. கையை நெஞ்சில் வைத்தார். துரை அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர்தான் பேசினார். பிறகு இவர் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். கார் திருப்பத்தில் மறைந்த பிறகும் இவர் அங்கேயே நின்றார். படி ஏறி வர நேரமாயிற்று.

"சொல்லிட்டீங்களா?"

இல்லையென்று தலையசைத்தார்.

"ஏங்க? அவர் ஒண்ணும் உங்களைத் திட்ட மாட்டாரே. உங்களுக்குத் தெரியாதா அவரைப் பத்தி?"

"தெரியும்" என்றார். மாறிப்போன பொத்தானைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சொன்னா மன்னிச்சிருவான். அதை என்னால தாங்க முடியாது."